ஆயிரம் கோடியில் ஒன்று: காசநோய்க் கிருமி ஆராய்ச்சி பற்றி வாசகர் கேள்விகள்

காசநோய்க் கிருமியின் மருந்து எதிர்ப்பைப் பற்றியும், அந்த ஆராய்ச்சியையே வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொள்வதைப் பற்றியும் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் நுண்ணுயிரியல் குழு பதில் சொல்கிறது.

கேள்வி: மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் டிபி கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று வகுப்பில் சொல்லித்தருகிறேன். ஒரு மாணவி எழுந்து, "கிருமி எப்படி சார் பழகும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.
– தமிழாசிரியர், ஸ்ரீராமபுரம்

பதில்: மாணவி சரியான இடத்தில் பிடித்துவிட்டாள். கிருமி எதற்கும் பழகுவதில்லை. ஒவ்வொரு முறை அது இரண்டாகப் பிளக்கும்போதும் டி.என்.ஏ. நகலாகிறது. எப்போதாவது நகலில் ஓர் எழுத்து பிழையாகிறது. அந்தப் பிழை மருந்து போய் ஒட்டும் இடத்தில் விழுந்தால், அந்த ஒரு கிருமியை மட்டும் அந்த மருந்தால் தடுக்க முடியாது. நோயாளி முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே இது நடந்து முடிந்திருக்கும்.

வகுப்பில் இதை அரிசியால் காட்டலாம். ஒரு கிலோ பச்சரிசியில் சுமார் 50,000 மணி இருக்கும். ஐசோநையாசிட் என்ற டிபி மருந்துக்கு எதிர்ப்பு உண்டாவது ஏறத்தாழ பத்துக் கோடிப் பிளவுக்கு ஒன்றிரண்டு முறை. அதாவது 25 கிலோ மூட்டையில் 80 மூட்டை அரிசிக்குள் ஒன்றிரண்டு உளுந்து. இன்னொரு டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்கு இது ஆயிரம் கோடிக்கு ஒன்றிரண்டு. 8,000 மூட்டைக்குள் ஒன்றிரண்டு உளுந்து. நுரையீரலில் நோய் அரித்து உண்டாக்கிய ஒரு குழியில் பத்துக் கோடி கிருமிகள் இருப்பது சாதாரணம். எனவே ஐசோநையாசிட்டை மட்டும் கொடுத்தால், அரிசியெல்லாம் போய் அந்த உளுந்து மிஞ்சி, அதுவே பெருகும். இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் தப்பும் கிருமி தற்செயலாக இருக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு வாய்ப்புகளையும் பெருக்க வேண்டும். அத்தனை கிருமிகள் எந்த உடலிலும் இல்லை. நான்கு மருந்துகளை ஒன்றாகத் தருவதற்கான கணக்கு இதுதான்.

விட்டுவிட்டுச் சாப்பிடும்போது என்ன ஆகிறது? எல்லா மருந்தும் ஒரே வேகத்தில் உடலை விட்டு வெளியேறுவதில்லை. சில நாட்களில் ஒரே ஒரு மருந்து மட்டும் வேலை செய்யும் நிலை வரும். அந்த நாட்களில் உளுந்துக்கு வழி கிடைக்கிறது. இந்தப் பாடம் பழையது. 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ஸ்ட்ரெப்டோமைசின் மட்டும் பெற்றவர்கள் முதல் சில மாதங்கள் தேறினார்கள். பிறகு பலருடைய கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போனது.

இன்னொன்றையும் அந்த மாணவிக்குச் சொல்லுங்கள். பல பாக்டீரியாக்கள் எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்துக் கிருமியிடமிருந்து வாங்கிக்கொள்ளும். காசநோய்க் கிருமி அப்படி வாங்குவதில்லை. அதன் எதிர்ப்பு முழுவதும் அதன் சொந்தப் பிழைகளிலிருந்தே வருகிறது. அதனால்தான் அந்தப் பிழைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட முடிகிறது.

கேள்வி: எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டிபி மருந்து எதிர்ப்பில் பிஎச்.டி. செய்ய ஆசை. பெங்களூருவிலேயே முடியுமா? எப்படி நுழைவது? உள்ளே போனபின் நாட்கள் எப்படி இருக்கும்?
– மாணவி, அல்சூர்

பதில்: முடியும். நம் ஊர்க்காரர்கள் இன்னும் டாடா இன்ஸ்டிட்யூட் என்றே சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் மைக்கோபாக்டீரியா (காசநோய்க் கிருமி சேர்ந்த பாக்டீரியா இனம்) ஆராய்ச்சிக்கு நீண்ட மரபு உண்டு. பேராசிரியர் டி. ராமகிருஷ்ணன் அங்கே காசநோய்க் கிருமியின் உயிர்வேதியியலுக்கு அடித்தளம் போட்டார். பின்னாளில் பேராசிரியர் வி. நாகராஜாவின் குழு மைக்கோபாக்டீரியாவின் டி.என்.ஏ. ஜைரேஸை ஆழமாக ஆராய்ந்தது. லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய மருந்துகள் தாக்குவது அந்த நொதியைத்தான். கொடிய கிருமியைக் கையாளும் பி.எஸ்.எல்.-3 ஆய்வகமும் அங்கே உண்டு. பெல்லாரி சாலையில் 1959இல் தொடங்கிய தேசிய காசநோய் நிறுவனம் வேறு வகை இடம். அது நாட்டின் மேற்கோள் ஆய்வகங்களில் (ரெஃபரன்ஸ் லேப்) ஒன்று. மற்ற ஆய்வகங்களின் பரிசோதனைத் தரத்தைச் சரிபார்ப்பதும் ஆட்களைப் பயிற்றுவிப்பதும் அதன் வேலை. மருந்து எதிர்ப்புச் சோதனையைக் கையில் கற்க விரும்புகிறவர்கள் அங்கே வரும் பயிற்சி, திட்டப்பணி அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டும்.

நுழைவதற்கு சி.எஸ்.ஐ.ஆர்.-நெட் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை), டி.பி.டி. ஜே.ஆர்.எஃப்., கேட் (GATE) ஆகிய தேர்வுகளில் ஒன்றில் தேறி, அதன்பின் நேர்முகத் தேர்வு. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. நேர்முகத்தில் கட்டுரைத் தலைப்புகளை ஒப்பிப்பதைவிட, உங்கள் எம்.எஸ்சி. புராஜெக்டில் ஒவ்வொரு கன்ட்ரோலையும் (ஒப்பீட்டுச் சோதனை) ஏன் வைத்தீர்கள் என்று சொல்லத் தெரிந்திருப்பது மேல்.

நாட்கள் எப்படி இருக்கும் என்பதைக் கிருமிதான் முடிவு செய்யும். ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். காசநோய்க் கிருமிக்கு 18 முதல் 24 மணி நேரம் வேண்டும். ஈ. கோலையில் இன்று மாலை தட்டில் பரப்பினால் நாளைக் காலை எண்ணலாம். இங்கே மூன்று, நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். இன்று நீர்ப்பில் (டைல்யூஷன்) செய்த பிழை அடுத்த மாதம்தான் தெரியவரும். ஆகவே ஒரு சோதனை முடிந்தபின் அடுத்ததைத் தொடங்குவது என்ற பழக்கம் இங்கே உதவாது. வாரம் ஒன்றாகத் தொடங்கி, நான்கு சோதனைகள் இன்குபேட்டரில் அடுத்தடுத்து ஓடிக்கொண்டிருக்க வேண்டும். புதிய முறை எதையும் முதலில் எம். ஸ்மெக்மாட்டிஸ் என்ற ஆபத்து குறைந்த உறவுக் கிருமியில் ஒத்திகை பார்ப்பார்கள். அது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், ஒரு படி குறைந்த பாதுகாப்புள்ள பி.எஸ்.எல்.-2 ஆய்வகம் போதும். அதற்கடுத்து காசநோய்க் கிருமியின் வீரியமிழந்த வகையான எச்37ஆர்ஏ. கடைசியில்தான் வீரியமுள்ள எச்37ஆர்வி.

நான்கு வாரம் 37 டிகிரியில் இருக்கும் அகார் தட்டு காய்ந்து சுருங்கும். தட்டை 20 அல்ல, 25–30 மில்லி ஊற்றித் தடிமனாக்குங்கள். ஜிப் பையில் போட்டு, அடித்தட்டில் தண்ணீர்த் தட்டம் வையுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பலருடைய முதல் வருடத்தை இது விழுங்கியிருக்கிறது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பி.எஸ்.எல்.-3இல் எனக்கு வாரம் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? உள்ளே போகுமுன் எத்தனை வாரப் பயிற்சி? இன்குபேட்டருக்கும் மைனஸ் 80 ஃப்ரீசருக்கும் மின்தடையில் என்ன ஏற்பாடு? பேராசிரியரின் புகழைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு, பின்னால் ஆய்வக நேரம் கிடைக்காமல் ஸ்மெக்மாட்டிஸிலேயே ஐந்து வருடத்தை முடிப்பவர்கள் உண்டு. அதில் கேவலம் ஒன்றுமில்லை. தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

பட்டத்துக்குப் பின் போஸ்ட்-டாக், இந்தியா அலையன்ஸ் போன்ற ஆய்வு நிதிகள், மேற்கோள் ஆய்வகங்கள், பரிசோதனைக் கிட் செய்யும் நிறுவனங்கள் என்று வழிகள் பிரியும். பி.எஸ்.எல்.-3 அனுபவமும் மரபணுத் தொடரைப் படித்து அலசும் திறனும் ஒரே ஆளிடம் இருப்பது அரிது. இரண்டையும் படிக்கும் காலத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதலாண்டு ஆய்வு மாணவன். ஸ்மெக்மாட்டிஸில் ரிஃபாம்பிசின் எதிர்ப்புப் பிறழ்வு வீதம் கணக்கிடச் சொன்னார்கள். பத்துக் குழாய்களில் வளர்த்து மருந்துத் தட்டில் பரப்பினேன். ஒன்றில் 3 காலனி, ஒன்றில் 0, ஒன்றில் 210! என் பைப்பட் பிடிப்பு சரியில்லையோ?
– யஷ்வந்த்பூர்

பதில்: இந்த எண்களை வைத்து உங்கள் பைப்பட்டைக் குறை சொல்ல முடியாது. மேலே ஆசிரியருக்குச் சொன்ன செய்திக்கே இது சாட்சி. எதிர்ப்பு, மருந்துத் தட்டில்தான் உண்டாகியிருந்தால் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வந்திருக்கும். அது குழாயிலேயே, ஏதோ ஒரு பிளவில் உண்டாகிறது. சீக்கிரம் உண்டானால் அதன் சந்ததி முழுவதும் 210ஆக நிற்கும். கடைசிப் பிளவில் உண்டானால் ஒன்றிரண்டு. 1943இல் லூரியா, டெல்ப்ரூக் என்ற இரு விஞ்ஞானிகள் இந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே பிறழ்வு (அந்த நகல் பிழை) முன்கூட்டியே நிகழ்கிறது என்று காட்டினார்கள். எனவே சராசரி எடுக்காதீர்கள். அந்த 210 உங்கள் சராசரியை இழுத்துப் பொய்யாக்கிவிடும்.

முறையாகச் செய்யும் வழி இது. 7எச்9 என்ற வளர்ப்புக் குழம்பில், கிருமி கட்டியாவதைக் குறைக்கும் ட்வீன் 80ஐ 0.05 சதவீதம் சேர்த்து வளர்த்த கலவையை, ஒரு குழாய்க்குச் சில ஆயிரம் கிருமிகளுக்கு மேல் போகாதபடி நீர்த்துவிடுங்கள். விதைக்கும்போதே பிறழ்வுக் கிருமி ஒன்று கூடப் போய்விட்டால் எல்லாம் கெட்டது. அதனால்தான் இவ்வளவு குறைவு. குறைந்தது 20 தனித்தனிக் குழாய், மருந்தில்லாமல். வளர்ந்தபின் 16, 17 குழாய்களை முழுவதுமாக மருந்துத் தட்டில் பரப்புங்கள். மூன்று, நான்கு குழாய்களை மொத்த எண்ணிக்கைக்கு ஒதுக்கி, பத்து பத்து மடங்காக 10 லட்சம் மடங்கு வரை நீர்த்து, மருந்தில்லாத் தட்டில் எண்ணுங்கள். ஒன்றுமே முளைக்காத தட்டுகளின் பங்கு 0.1க்கும் 0.7க்கும் இடையில் இருந்தால், அந்தப் பங்கின் இயல் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றினால், ஒரு குழாய்க்குச் சராசரியாக நிகழ்ந்த பிறழ்வுகளின் எண்ணிக்கை கிடைக்கும். அதை மொத்தக் கிருமி எண்ணிக்கையால் வகுத்தால் வீதம். உங்கள் தட்டுகளில் பெரும்பாலும் காலனி வந்திருந்தால் இந்த வழி பொருந்தாது. எல்லா எண்ணிக்கைகளையும் கொண்டு மதிப்பிடும் பெரும நிகழ்தகவு (மேக்ஸிமம் லைக்லிஹுட்) முறையைக் கணினியில் ஓட்டுங்கள்.

இனி, எங்கே கெடும் என்பது. மைக்கோபாக்டீரியா மெழுகுச் சுவர் காரணமாகக் கட்டிக்கொள்ளும். ஐந்து கிருமி ஒட்டிய கட்டி ஒரே காலனியாகத்தான் எண்ணப்படும். அப்போது மொத்த எண்ணிக்கை குறைவாகத் தெரிந்து, வீதம் ஐந்து மடங்கு உயர்ந்து நிற்கும். ட்வீன் போட்டாலும், பரப்பும் முன் 26 கேஜ் ஊசி வழியாகப் பத்து முறை இழுத்து விடுங்கள். (இது ஸ்மெக்மாட்டிஸுக்கு மட்டும். நோய்க்கிருமியில் ஊசியைத் தொடாதீர்கள். கண்ணாடி மணிகளால் கலக்கி, கட்டிகள் அடியில் படியக் காத்திருந்து, மேல் திரவத்தை மட்டும் எடுக்க வேண்டும்.)

மருந்தின் அளவிலும் பலர் வழுக்குகிறார்கள். ஸ்மெக்மாட்டிஸிடம் ரிஃபாம்பிசினைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி இயல்பிலேயே உண்டு. அதனால் மில்லிக்கு 100 மைக்ரோகிராமாவது வேண்டும். காசநோய்க் கிருமிக்கு 7எச்10 அகார் தட்டில் ஒரு மைக்ரோகிராமே போதும். காசநோய்க் கிருமியின் அளவை ஸ்மெக்மாட்டிஸுக்குப் போட்டால், தட்டு முழுவதும் புல் முளைத்ததுபோல வளரும். ரிஃபாம்பிசினை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்து, அகார் 50–55 டிகிரிக்கு ஆறியபின் கலக்குங்கள். தட்டுகளை அலுமினியத் தாளில் சுற்றிக் குளிரில் வையுங்கள். வெளிச்சத்திலும் சூட்டிலும் அது வீரியம் இழக்கும். முட்டையைச் சூடாக்கி உறைய வைக்கும் எல்.ஜே. ஊடகத்தில் ரிஃபாம்பிசினை மில்லிக்கு 40 மைக்ரோகிராம் போடுவதும் இந்தக் காரணத்தால்தான்: ஒரு பகுதி சூட்டில் போகும், இன்னொரு பகுதி முட்டைப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எண்ணும் நாளை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். ஸ்மெக்மாட்டிஸுக்கு நான்காம் நாள் என்றால் எல்லாத் தட்டுக்கும் நான்காம் நாள். எட்டாம் நாள் தலைகாட்டும் காலனிகள் பல நேரம் பிறழ்வே அல்ல. தட்டில் மருந்து தேய்ந்ததால் வந்தவை. ஒவ்வொரு தட்டிலிருந்தும் சில காலனிகளைப் புதிய மருந்துத் தட்டில் தேய்த்துப் பாருங்கள். பிறகு, ரிஃபாம்பிசின் போய் ஒட்டும் புரதத்துக்கான ஆர்போபி மரபணுவைத் தொடர் படிக்க (சீக்வென்சிங்) அனுப்புங்கள். அதற்கு ஒரு குழாய்க்கு ஒரே ஒரு காலனிதான் எடுக்க வேண்டும். அந்த 210 காலனிகளில் பத்தை அனுப்பினால் ஒரே பிறழ்வைப் பத்து முறை காசு கொடுத்துப் படிப்பீர்கள்.

கேள்வி: என் மகன் டிபி லேபில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். துணிமணியில் கிருமி ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.
– ஒரு தாய், விவேக்நகர்

பதில்: அம்மா, துணி, தட்டு, டம்ளர் வழியாக இந்த நோய் பரவுவதில்லை. காற்றில் மிதக்கும் நுண்துளிகளை மூச்சோடு இழுத்தால்தான் பரவும். ஆய்வகத்துக்குள் போட்ட மேலுடையும் கையுறையும் அங்கேயே கழற்றப்பட்டு, 121 டிகிரி ஆட்டோக்ளேவில் (அழுத்த நீராவிக் கருவி) வெந்துதான் வெளியே வரும். உள்ளே இருக்கும் காற்று வெளிக்கதவுப் பக்கம் வராதபடி அழுத்தம் குறைத்து, வடிகட்டி வழியாக வெளியேற்றுவார்கள்.

ஆபத்து இருப்பது மகனுக்குத்தான், அதுவும் குழாயை உலுக்கும்போதும் சென்ட்ரிஃப்யூஜை உடனே திறக்கும்போதும். உலுக்கிய குழாயைப் பாதுகாப்புப் பெட்டிக்குள்ளேயே 15 நிமிடம் நிறுத்திவைத்துத் திறக்க வேண்டும். சென்ட்ரிஃப்யூஜ் வாளியின் மூடியையும் பெட்டிக்குள் வைத்தே கழற்ற வேண்டும். என்95 மாஸ்க் அவன் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்தார்களா, வருடத்துக்கொரு முறை எக்ஸ்ரே எடுக்கிறார்களா என்று கேளுங்கள். அவனுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, எடை குறைவோ வந்தால் ஒரு நாளும் தள்ளாமல் சளிப் பரிசோதனை. அப்படி எதுவும் இல்லாதவரை குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம்.

கேள்வி: ஒரே நோயாளியின் சளியில் சிபிநாட் (மரபணுச் சோதனை) "ரிஃபாம்பிசின் எதிர்ப்பு உண்டு" என்கிறது. எம்.ஜி.ஐ.டி. திரவ கல்ச்சர் "மருந்து வேலை செய்யும்" என்கிறது. எதை நம்பி ரிப்போர்ட் கொடுப்பது?
– லேப் டெக்னீஷியன், சிவாஜிநகர்

பதில்: கல்ச்சர்தான் தங்கத் தரம் என்று படித்த பழக்கத்தில் கல்ச்சர் பக்கம் சாயாதீர்கள். முதலில் சிபிநாட் முடிவில் கிருமி அளவு என்ன என்று பாருங்கள். "மிகக் குறைவு" என்று இருந்தால் மரபணுவில் ஒட்டி ஒளிரும் ஒரு புரோப் தாமதமாக ஒளிர்ந்ததையே எதிர்ப்பு என்று கருவி எழுதியிருக்கலாம். புதிய சளி வாங்கி மறுபடி ஓட்டுங்கள். இரண்டாம் முறையும் அதே முடிவு வந்தால், ஆர்போபி மரபணுவைத் தொடர் படிக்க மேற்கோள் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

மூன்றில் ஒன்று தெரியவரும். அமினோ அமிலத்தை மாற்றாத மௌனப் பிறழ்வு என்றால் புரோப் ஒட்டாமல் ஏமாந்திருக்கிறது. கல்ச்சர் சொன்னது சரி. அந்த மரபணுவின் 430, 435, 445, 452 ஆகிய இடங்களில் வரும் சில பிறழ்வுகள் என்றால் சிபிநாட்தான் சரி. இந்தக் கிருமிகளின் எதிர்ப்பு நடுத்தரமானது, வளர்ச்சியும் மந்தம். எம்.ஜி.ஐ.டி. கருவி, மருந்தில்லாத கன்ட்ரோல் குழாய் 400 வளர்ச்சி அலகைத் தொட்ட கணத்தில் கணக்கை முடித்துவிடும். மருந்துக் குழாயில் மெல்ல வளர்பவை அதற்குள் 100ஐ எட்டியிருக்காது. இப்படித் தப்புவதைக் குறைக்கத்தான் 2021இல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின் எல்லை அளவை மில்லிக்கு 1.0இலிருந்து 0.5 மைக்ரோகிராமுக்கு இறக்கியது. உங்கள் ஆய்வகம் இன்னும் பழைய அளவில் கரைக்கிறதா என்று இன்றே பாருங்கள். மூன்றாவது, இரண்டு வகைக் கிருமியும் கலந்திருப்பது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஆர்போபியின் 491ஆம் இடத்துப் பிறழ்வு, சிபிநாட் பார்க்கும் 81 எழுத்து ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது. எஸ்வாட்டினி நாட்டில் அது பரவலாகத் தெரியவந்தது. மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டும் தேறாத நோயாளி என்றால், சிபிநாட் "எதிர்ப்பு இல்லை" என்று சொன்னாலும் தொடர் படிக்கக் கேளுங்கள்.

உங்கள் கல்ச்சர் பக்கத்தில் சரிபார்க்க வேண்டியது தொடக்க எண்ணிக்கை. குழாய் பாசிட்டிவ் ஆனதற்கு அடுத்த முதல், இரண்டாம் நாளில் அப்படியே 0.5 மில்லி எடுக்கலாம். மூன்று முதல் ஐந்தாம் நாள் என்றால் 1 மில்லிக்கு 4 மில்லி உப்புநீர் சேர்த்து நீர்க்க வேண்டும். அதற்குமேல் பழசானால் மறுபடி வளர்த்துத்தான் எடுக்க வேண்டும். கன்ட்ரோலுக்கு நூறு மடங்கு நீர்த்தது போகிறது, ஏனென்றால் நூறில் ஒரு பங்கு கிருமி எதிர்த்தாலே அது எதிர்ப்பு என்று கொள்கிறோம். கன்ட்ரோல் நான்கு நாளுக்குள் 400ஐத் தொட்டால் கிருமி அதிகம் அல்லது வேறு பாக்டீரியா கலந்திருக்கிறது. 13 நாளிலும் தொடாவிட்டால் கிருமி போதவில்லை. இரண்டிலும் ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது. கலப்பு இருக்கிறதா என்று பார்க்க பிளட் அகாரில் ஒரு சொட்டு, காசநோய்க் கிருமியைச் சிவப்பாகக் காட்டும் இசட்.என். சாயத்தில் ஒரு ஸ்லைடு. கயிறுபோல் முறுக்கிக்கொண்ட சிவப்புக் கிருமிகள் மட்டும் தெரிய வேண்டும்.

பைரசினமைடு என்ற டிபி மருந்தில் இதே தவறு இன்னும் மோசமாகக் கடிக்கும். அது புளிப்பான ஊடகத்தில்தான் வேலை செய்யும். அதற்கான குழாயின் பி.எச். 5.9. கிருமி கூடிவிட்டால் அவை ஊடகத்தின் புளிப்பையே குறைத்து மருந்தைச் செயலிழக்கச் செய்யும். இல்லாத எதிர்ப்பு எழுதப்படும். கலக்கியபின் 15 நிமிடம் படியவிட்டு, மேல் திரவத்தை வேறு குழாய்க்கு மாற்றி, இன்னொரு 15 நிமிடம் விட்டு எடுங்கள். எதிர்ப்பு என்று வந்த ஒவ்வொன்றையும் ஒருமுறை திருப்பிச் செய்யுங்கள்.

கேள்வி: முழு மரபணுத் தொடர் படிப்பது மலிவாகிவிட்டதே, இனி கல்ச்சர் எதற்கு?
– மென்பொருள் பொறியாளர், மாரத்தஹள்ளி

பதில்: 1998இல் எச்37ஆர்வியின் 44 லட்சம் எழுத்துகளும் படிக்கப்பட்டபோதே இந்தக் கேள்வி வந்துவிட்டது. ரிஃபாம்பிசின், ஐசோநையாசிட்டுக்கு உங்கள் எண்ணம் பெரும்பாலும் சரி. ஆர்போபி மரபணுவில் 450, ஐசோநையாசிட்டோடு தொடர்புள்ள கேட்ஜி மரபணுவில் 315 என்று சில இடங்களைப் பார்த்தாலே நிறையத் தெரிந்துவிடும். 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாக்குயிலின் என்ற மருந்தின் விஷயம் வேறு. அதன் எதிர்ப்பு பெரும்பாலும் ஆர்வி0678 மரபணுவில் வருகிறது. அந்த மரபணு மருந்தை வெளியே இறைக்கும் பம்பை அடக்கிவைப்பது. அதை எங்கே உடைத்தாலும் பம்பு திறந்துகொள்ளும், கூடவே குளோஃபசிமின் என்ற மருந்தும் கைவிட்டுப் போகும். பிழைகள் மரபணு நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. எது ஆபத்து, எது வெறும் வேறுபாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021, 2023 பட்டியல்களிலும் பல இடங்கள் "உறுதியில்லை" என்றே நிற்கின்றன. அந்தக் கிருமியை வளர்த்து, மருந்தை இரட்டிப்பாக ஏற்றிக்கொண்டே போய், எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்த்தால்தான் அந்த வரியை நிரப்ப முடியும். உங்களுக்கு நிரல் எழுதத் தெரியுமென்றால், இந்த இரண்டு தகவல்களையும் இணைத்து அலசும் வேலைக்கு ஆய்வகங்களில் ஆள் போதவில்லை.